தொப்பி வாத்துக்கு ஆகாத ஈரம்

மழை மாதத்தில் ஏற்காட்டில் அப்பளத்தைப் பொரித்த கையோடு தின்றுவிட வேண்டும். தட்டில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனால், திரும்பி வருவதற்குள் அது நனைந்த துணி மாதிரி தொங்கிப்போகும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும். பீரோவுக்குள் இருக்கும் செருப்பில் பச்சைப் பூசணம் பிடிக்கும். சேலத்து வெயிலில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். உனக்கென்னப்பா, ஊரே ஏசி போட்ட மாதிரி என்பார்கள்.

நேரத்தை ஓட்டுவதற்காக இதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அம்மா. நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படும், நன்றாக யோசித்துச் சொல் என்று நீதிபதியாகிய நீங்கள் எச்சரித்தீர்கள். யோசித்துவிட்டேன். போலீஸ்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான். பக்கத்து அறையில் இருந்த பெண்ணுக்கு ஆபத்து என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று சொல்லிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொல்கிறார். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் மனம் ஆறும். ஈரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

என் பெயர் சந்திரசேகர். கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்கு வருகை போடுவது, பழத்தை எடை பார்ப்பது, கிடங்குச் சாவி, ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் சாவி எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆட்களை அதட்டிப் பேசினேன் என்று எஸ்டேட்டில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்கள். நான் பயந்த சுபாவம் உள்ளவன். பேய்க்கோ பாம்புக்கோ பயப்படுகிறவன் அல்ல. கையில் இருக்கும் நல்ல பொருள் கெட்டுப்போய்விடுமோ என்பதுதான் என் பயம். அது எந்நேரமும் வயிற்றுக்குள் இருந்துகொண்டே இருக்கும்.

என் நல்ல பொருள் கடிகாரங்கள். சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரங்கள், அதிலும் குழந்தைகளுக்காகச் செய்த கார்ட்டூன் கடிகாரங்கள் மட்டும். ஒன்றில் முயலின் இரண்டு கைகளே மணி முள்ளும் நிமிட முள்ளும். இன்னொன்றில் பூனையின் கண்கள் நொடிக்கு நொடி இடமும் வலமும் போய்வரும். தூண்டில் போடும் கரடி ஒன்று உண்டு, அதன் தலை ஆடிக்கொண்டே இருக்கும், மீன் மட்டும் மாட்டவே மாட்டாது. எட்டு வயதுக் குழந்தையின் மணிக்கட்டுக்குச் செய்த சாமான் என் கைக்கு எட்டாது, கட்டிக்கொள்ளவும் முடியாது. கட்டிக்கொள்வதற்காக யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

முதல் கடிகாரம் எஸ்டேட் பங்களாவில் கிடைத்தது. பங்களாவை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றியபோது பழைய சாமான்களை ஒழித்துப் போடச் சொன்னார்கள். பிள்ளைகள் அறையில் ஒரு மேசை டிராயரின் அடியில் அது கிடந்தது. தலையில் உயரத் தொப்பி வைத்த வாத்து. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. நான் தொப்பி வாத்து என்றுதான் சொல்வேன். கடிகாரத்தைவிட அதன் அட்டைப் பெட்டி அழகு. மூடியைத் திறந்தால் உள்ளே மடிந்திருக்கும் அட்டை வாத்து எழுந்து நின்று, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும். இத்தனை வருஷம் கழித்தும் அது எழுந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை முதலாளியிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அதனால்தான் மலையில் யாருக்கும் என் கடிகாரங்களைப் பற்றித் தெரியாது.

தெரிந்தவர்கள் எல்லாம் தூரத்தில் இருப்பவர்கள். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. புனேயில் ஒரு பல் டாக்டர், கொழும்பில் ஒரு பெரியவர், ஜெர்மனியில் ஒரு பெண்மணி. எல்லாம் நரைத்த தலைகள். முயலின் கோட்டில் இருப்பது மூன்று பொத்தானா, நாலா என்று சண்டை போட்டுக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருப்போம். எங்களுக்குள் ஒரு விதி மட்டும் சண்டைக்கு அப்பாற்பட்டது. பெட்டி இல்லாத கடிகாரம் பாதிக் கடிகாரம். இரும்பும் கண்ணாடியும் கிடைத்துவிடும். அட்டைதான் கிடைக்காது. குழந்தைகள் அதைத்தான் முதலில் கிழித்துப் போடுவார்கள்.

அட்டைக்கு எமன் ஈரம். ஈரம் வந்தால் பூச்சி வரும். இதற்காகவே பழைய லைனின் கடைசி அறையை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அந்த லைனில் இப்போது யாரும் அவ்வளவாக இல்லை. பாதிப்பேர் வாழவந்தியிலும் வெள்ளக்கடையிலும் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வண்டியில் வேலைக்கு வந்து போகிறார்கள். முதல் அறையில் சசிகலா குடும்பம் மட்டும் இருந்தது. அவளும் கணவன் ராஜ்குமாரும் எஸ்டேட் ஆட்கள், ஏழாவது படிக்கும் மகள் வெண்ணிலா. நடுவில் எல்லாம் காலி. என் அறையில் பகலிலும் பல்ப் எரியவிட்டு, மூலைக்கு மூலை சுண்ணாம்புக் கல் வைத்து, சன்னலை ஆணி அடித்து மூடியிருந்தேன். உர மருந்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்ததால் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஒரே ஒருவர்தான் பார்த்திருக்கிறார். அது வெண்ணிலா.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கதவை முழுக்கச் சாத்தாமல் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறாள். பெட்டியைத் துணியால் மூடப் போனேன். அவளோ வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இது ஓடுமுங்களா?" என்றாள்.

சாவி கொடுத்துக் காட்டினேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மூடியைத் திறந்து வாத்தை எழுப்பியதும் அவளும் தலைக்கு மேல் கையைத் தூக்கி, இல்லாத தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் வைத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது கண்ணு என்றேன். சொல்லமாட்டனுங்க என்றாள். சொல்லவும் இல்லை. அப்படிப்பட்ட பெண். அவள் மேல் எனக்குக் கோபமோ வெறுப்போ இருந்ததே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் தொப்பி வாத்தின் பெட்டியை எடுத்தபோது மூடியின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. தட்டினேன். மாவு மாதிரி தூள் கொட்டியது. அடுத்த பெட்டியில் பார்த்தேன், அதிலும் இருந்தது. காபிக் கிடங்கில் பழைய கொட்டையில் விழும் வண்டு. கிடங்கிலிருந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், நானேதான் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். அன்று நான் பயந்த மாதிரி என் வாழ்நாளில் பயந்ததில்லை. போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. அட்டைக்குள் காது வைத்துக் கேட்டேன். உள்ளே கடிக்கும் சத்தம் கேட்பது போலவே இருந்தது.

கிடங்கில் வண்டுக்கு ஒரு மாத்திரை வைப்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அது புகையாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத புகை. எங்கள் கிடங்குக்காரர் லாசர் அதற்காகப் பயிற்சி எடுத்தவர். மூட்டைகளைத் தார்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பை வைத்து, ஆட்களை விரட்டிவிட்டுத்தான் தொடுவார். முட்டையும் புழுவும் சாகிற வரைக்கும் திறக்கக் கூடாது, பாதியில் திறந்தால் வைக்காததற்குச் சமம் என்பார். கதவில் ஒரு பலகை தொங்கவிடுவோம். அபாயம், உள்ளே வராதே, அருகில் படுக்காதே. அந்தப் பலகையில் மண்டையோட்டை வரைந்து எழுத்தையும் எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

லாசர் ஞாயிறு ஆராதனைக்குப் போயிருந்தபோது கிடங்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தேன். என் அறையில் மாத்திரைகளை வைத்து, கதவின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி மூடினேன். பலகை தொங்கவிடவில்லை. பலகையைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. என் அறையும் அடுத்த அறையும் ஒரு காலத்தில் ஒரே கூடமாக இருந்தவை. பிறகு நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். சுவருக்கு மேலே கூரை வரைக்கும் திறப்புதான். அடுத்த அறையிலோ ஓடுகள் உடைந்து வானம் தெரியும். என் புகையெல்லாம் அந்த வழியாக வீணாகப் போகும். கூரையில் ஏறி அடைக்க எனக்குத் தைரியமில்லை, ஆள் வைத்து அடைத்தாலும் எதற்கென்று கேட்பார்கள். ஆபீசில் உட்கார்ந்திருந்தேனே தவிர, மனமெல்லாம் அந்த உடைந்த ஓட்டில்தான் இருந்தது.

அன்று மத்தியானம் சசிகலா ஆபீசுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கொஞ்சம் வெட்கம்.

"ஏனுங்க ரைட்டரய்யா, ஒரு ஒதவி வேணுமுங்க. நம்ம வெண்ணிலா பெரிய மனுசி ஆயிட்டாளுங்க. காத்தாலதான்."

"நல்ல சேதிதான். சொல்லு."

"எங்க ஊடு ஒத்த ரூமுங்க. அடுப்பு, சாமி படம் எல்லாம் அதுக்குள்ளாறயே. புள்ளைய ஓரமா உக்கார வெக்க எடமில்லீங்க. உங்க ரூமுக்குப் பக்கத்து ரூமு சும்மாத்தான கெடக்குது. எங்கண்ணன் வாழப்பாடியில இருந்து ஓலை கொண்டாந்து குடிசை கட்டற வரைக்கும் அதுல இருக்கட்டுமுங்க."

"ஓடு ஒடஞ்சு கெடக்குதே. ஒழுகுமே."

"தார்பாய் குடுத்தீங்கன்னா மேல போத்திக்கறமுங்க."

இந்த இடத்தை நான் கவனமாகச் சொல்ல வேண்டும். என் சாவி வளையத்தில் பழைய பிள்ளைக் காப்பகத்தின் சாவியும் இருந்தது. காலியான கட்டடம், ஒழுகாது, பக்கத்திலேயே குழாய் உண்டு. அது எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. அந்தச் சாவியை விரலால் தொட்டும் பார்த்தேன். ஆனால் அவள் தார்பாய் என்று சொன்னதும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. என் குறையை அவளே தீர்த்து வைக்கிறாள். கூரை அடைபடும், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் அந்த அறையின் சாவியோடு, ஒன்றுக்கு இரண்டு தார்பாயாகக் கொடுத்தேன். கிடங்கில் மூட்டைக்குப் போடும் நல்ல கனமான தார்பாய். என் அறைக்கு மேலேயும் சேர்த்துப் போட்டுவிடு, அதுவும் ஒழுகுகிறது என்றேன். ராஜ்குமார் ஏறிக் கட்டினான். நான் கீழே நின்று, ஓரம் தூக்கிக்கொண்டிருந்த இடத்தையெல்லாம் காட்டி உள்ளே மடிக்கச் சொன்னேன். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறீர்களே என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

வெண்ணிலாவை நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். நினைக்கவில்லை என்றால் பொய். புகை கனமானது, தண்ணீர் மாதிரி தாழ்ந்து கிடக்கும் என்று லாசர் சொல்வார். ஆளுயரச் சுவரை அது தாண்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அப்படியானால் தார்பாய் எதற்கு என்ற கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் அறையைப் பார்க்கப் போனேன். காபிப் பழம் பறிக்க எல்லாரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். எதிரே இருக்கும் மரம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்தது. என் கதவருகே குனிந்து டேப்பைத் தடவிப் பார்த்தபோது மெல்லிய வாசனை ஒன்று மூக்கில் ஏறியது. பூண்டு வாசனை. அந்த மாத்திரைக்கு அதுதான் வாசனை.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பூண்டுக் குழம்பும் கொடுப்பார்கள். கூட வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாசலில் பூண்டு வாசனை அடித்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். சந்தேகப்பட்டவள் அவள் மட்டும்தான்.

"ரைட்டரய்யாங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்த நாட்களில் ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது என்பது முறை, அதனால் கதவு சாத்தியிருந்தது.

"ஆமா கண்ணு."

"உங்க ரூமுல இருந்து என்னமோ வாசம் வருதுங்க. செவுத்துக்கு மேலால. மீனு அழுகுனாப்பலயும் இருக்குது, பூண்டாட்டமும் இருக்குது. கடியாரத்துக்கு எதாச்சும் ஆயிருச்சுங்களா?"



"ஒண்ணும் ஆகல சாமி. உங்கம்மா வெச்ச பூண்டுக் கொழம்புதான் அடிக்குது."

"எனக்குத் தல நொம்ப வலிக்குதுங்க. சன்னலத் தொறந்து வெச்சிருக்கறன்."

"சன்னலச் சாத்திக்க கண்ணு. பனி உள்ள வருது பாரு, சளி புடிச்சுக்கும்."

"செரிங்க."

எழுந்து நடந்து வரும் சத்தம் கேட்டது. சன்னல் கதவு ஒட்டிக்கொண்டு சாத்த வராமல், இரண்டு முறை தள்ளிச் சாத்தினாள். அதுவரை என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவளை நினைத்துத்தான் நடுங்குகிறேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. ஆனால் சன்னல் சாத்திய சத்தம் கேட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை இப்போது மறைக்கப் போவதில்லை. திறந்த சன்னல் வழியாகப் புகை போய்விடும் என்றுதான் நான் பயந்திருக்கிறேன்.

அன்று சாயந்திரம் சசிகலா எடைபோடும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். பிள்ளை சாப்பிட்டதையெல்லாம் கக்குகிறாள், நெஞ்சு கரிக்கிறது என்கிறாள், எழுந்தால் தள்ளாடுகிறாள் என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"மொத தடவ அப்படித்தான்டி இருக்கும். ஓமத்தண்ணி வெச்சுக் குடு, செரியாப் போயிரும்."

சசிகலா சமாதானமாகவில்லை. என்னைப் பார்த்தாள். "நீங்க நாலு எழுத்துப் படிச்சவிங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போலாங்களா? எங்கண்ணன் வேற வந்து சேரல. மலைப்பாதையில பாறை உருண்டு பஸ்ஸு வரலியாம். குடிசை கட்டாம புள்ளைய எப்படி வெளிய கூட்டிட்டுப் போறதுன்னும் தெரியலீங்க."

"பொம்பளைங்க விஷயம். அதுல நான் என்னத்தச் சொல்றது," என்றேன்.

அதில் பொய் ஏதும் இல்லை. அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் சசிகலா லீவு கேட்டாள். லீவு போடுவது என் கையில்தான் இருந்தது. பழம் உதிர்கிற சமயம், மேனேஜர் சத்தம் போடுவார், மத்தியானம் வரை போய்விட்டு வா, பக்கத்தில்தானே இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ராஜ்குமாரை விறகு ஏற்றப் பங்களாப் பக்கம் அனுப்பினேன். அவள் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு லைனுக்குப் போனேன். ஏன் போனேன் என்று போலீஸ்காரர்களும் கேட்டார்கள். பயமாக இருந்தது, அதனால் போனேன். யாராவது வந்து அந்தக் கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற பயம். மழை பெய்துகொண்டிருந்தது. தார்பாயின் மேல் விழுந்த தண்ணீர்ச் சத்தத்தில் முதலில் அவள் கூப்பிட்டது கேட்கவில்லை.

"ரைட்டரய்யா."

குரல் தரையிலிருந்து வந்தது. கதவுக்குக் கீழே வாயை வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

"சொல்லு கண்ணு."

"நெஞ்சு அடைக்குதுங்க. மூச்சு வுட முடியலீங்க. வெளிய வந்து உக்காந்துக்கட்டுங்களா? அம்மா வர்ற வரைக்கும் மட்டும்."

அம்மா, அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். எஸ்டேட்டில் எதற்கும் ரைட்டரிடம் கேட்டுத்தான் பழக்கம். வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் வெளியே வந்துவிடுவாள், காற்றுப் பட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவாள். தெளிந்தால் அறையில்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். என் கதவை உடைப்பார்கள். முட்டை சாகிற கெடு இன்னும் முடியவில்லை. இவ்வளவையும் நான் நினைத்தேன். அவசரப்படாமல், ஒன்றன் பின் ஒன்றாக நினைத்தேன்.

"மாமன் வந்து குடிசை கட்டாம வெளிய வந்தா உங்கம்மாவ நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, சாமி. ஆம்பள நான் வேற இங்க நிக்கறன். இன்னுங் கொஞ்ச நேரம் பொறுத்துக்க."

"செரிங்க" என்றாள்.

பிறகு, "அங்கயே இருக்கீங்களாங்க? எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. போய்விட்டேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை, மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் மழைக்கு நடுவில் கேட்டது. நான் நகரவில்லை. யாராவது வந்தால் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டுமே. மழை விட்டபோது அந்தச் சத்தமும் இல்லை. சட்டையை உதறிக்கொண்டு எடைபோடும் இடத்துக்குப் போனேன்.

சசிகலாவின் அலறல் அங்கே வரைக்கும் கேட்டது. முதலில் ஓடியவன் நான்தான். எஸ்டேட் ஜீப்பை எடுக்கச் சொல்லி, பிள்ளையைத் தூக்கி வைத்து அனுப்பியவனும் நான்தான். அவள் கை சில்லென்று இருந்தது. வண்டி போனதும் எஸ்டேட்டே பின்னால் கிளம்பிப் போய்விட்டது. லைனில் ஒரு ஆளும் இல்லை. நான் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு கதவுகளைத் திறந்துவிட்டு, புகை போன பிறகு மாத்திரைகள் உதிர்ந்து கிடந்த சாம்பலைக் கூட்டி அள்ளினேன். வண்டுகள் அட்டைகளுக்கு வெளியே வந்து செத்துக் கிடந்தன. பெட்டிகளில் புதிதாக ஒரு துளைகூட இல்லை.

சேலத்து டாக்டர்கள் உடலை அறுத்துப் பார்த்து, இது ஜன்னியும் அல்ல, அஜீரணமும் அல்ல என்று சொல்லிவிட்டார்கள். கிடங்கில் ஒரு டப்பா குறைகிறது என்று லாசர் சொன்னார். நான் கூட்டி அள்ளியதில் கொஞ்சம் சாம்பல் சுவரோரம் தங்கியிருந்தது. அதற்கு நடுவில் சசிகலா என்னிடம் வந்து, பூண்டைச் சாஸ்தியாப் போட்டுக் குடுத்துட்டனோ, நானே எம் புள்ளையக் கொன்னுட்டனோ என்று தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள். அப்படியெல்லாம் நினைக்காதே என்று ஆறுதல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆகவே போலீஸ்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில், தெரியும். பக்கத்து அறையில் வெண்ணிலாவுக்கு ஆபத்து என்று தெரியும். சாவி கொடுத்தது நான், கூரையை மூட வைத்தது நான், சன்னலைச் சாத்தச் சொன்னது நான், அவள் தாயை வேலைக்கு அனுப்பியது நான். அவள் மூச்சு நின்றதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதும் நான்தான். வக்கீல் வருத்தப்படுவார். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எனக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கதவை நான் பூட்டவில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. வெளியே வர வேண்டும் என்று அவள் உண்மையிலேயே நினைத்திருந்தால், எந்த நேரமும் வந்திருக்கலாம்.